நோன்பு மாதத்தில் வராத ஹெலிகாப்டர்

நோன்பு மாதத்தில் மட்டும் ஏன் ஹெலிகாப்டர் வரவில்லை? ஜன்தாதுக்குப் பிடிபடாமல் இருந்தது இந்த ஒன்றுதான்.

பனி உருகியதிலிருந்து எங்கள் மலையூர் கோட்கைக்கு ஐந்து முறை சரக்குக் கூட்டம் வந்திருந்தது. கோவேறு கழுதைகளில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு எல்லைக் கணவாயைத் தாண்டி, வெயில் சாயும் நேரத்தில் பைன் காட்டுக்குள் வந்து இறங்குவார்கள். எங்கள் வீடுகளில் சாப்பிட்டுத் தூங்குவார்கள். விடிவதற்கு முன் மேற்கே கிளம்பிவிடுவார்கள். முதல் இரண்டு முறையும் மறுநாள் சூரியன் எழும்போதே ஹெலிகாப்டர்கள் வந்து பாதையை அடித்தன. அடுத்த இரண்டு கூட்டங்கள் வந்தது நோன்பு மாதத்தில். அப்போது ஒரு காக்காய்கூடப் பறக்கவில்லை. பெருநாள் முடிந்து ஐந்தாவது கூட்டம் வந்தது, மறுநாள் காலையில் ஹெலிகாப்டர்களும் வந்தன. அன்றைக்கு எட்டுப் பேரைப் புதைத்தோம்.

ரஷ்யர்கள் எங்கள் நாட்டுக்குள் வந்து அது எட்டாவது வருஷம். பள்ளத்தாக்கின் வாயில், கடைத்தெருவுக்கு மேலே உள்ள குன்றில் அவர்களுடைய முகாம் இருந்தது. அங்கிருந்து கோட்கையைப் பார்க்க முடியாது. நடுவில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மலைமேடு. அந்த மேடு இருந்ததால்தான் இத்தனை வருஷம் ஊர் ஊராக இருந்தது. சரக்குக் கூட்டங்கள் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

பெட்டிகளில் இருந்த ஆயுதங்கள் அமெரிக்காவின் தயவு. கடைசியில் கழுதைகளும் அமெரிக்காவிலிருந்தே வந்தன. எங்கள் ஊர்க் கழுதைகளைவிட ஒரு முழம் உயரம், முதுகு கதவு மாதிரி அகலம். எங்கள் சேணம் அதன்மேல் உட்காராது. குழந்தையின் தொப்பியைப் பெரியவன் தலையில் வைத்ததுபோல் இறக்கத்தில் முன்னால் சரியும், ஏற்றத்தில் பின்னால் வழுக்கும். ஜன்தாத் அந்தச் சேணங்களைப் பிரித்து, இரண்டு பக்கத்து மரச்சட்டங்களையும் அகட்டி, வைக்கோலைக் குறைத்து மறுபடி தைத்துக் கொடுத்தான். அதற்கு முன் ஜலாலாபாத் பக்கம் அரசாங்கப் பண்ணையில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவன். இப்போது எங்களுக்குக் கழுதை டாக்டர்.

"டேய் டாக்டரு, அது நம்ம பேச்சக் கேக்கவே மாட்டேங்குது. என்ன பாஷைடா பேசணும் அதுகிட்ட?" என்று ஓட்டுபவர்கள் கேட்பார்கள்.

"மரியாதையாப் பேசு. உனக்கு முன்னாடியே விமானத்துல ஏறுன கழுதை அது" என்பான் ஜன்தாத்.

ஐந்தாவது கூட்டத்தின் பெட்டிகளில் புது ராக்கெட் இருந்தது. தோளில் வைத்து விடுவது. பறப்பதன் சூட்டைத் தேடிக்கொண்டு அதுவாகவே திரும்பிப் போகும். அன்று காலை பையன்கள் ஒன்றை விட்டார்கள். ஒரு ஹெலிகாப்டர் மேட்டுக்கு அந்தப்பக்கம் விழுந்து நாள் முழுக்க எரிந்தது. ஒரு பக்கம் குழி வெட்டிக்கொண்டும் இன்னொரு பக்கம் வானத்தைப் பார்த்துச் சுட்டுக் கொண்டாடிக்கொண்டும் இருந்தோம்.

குழிகளை மூடிய பிறகு எல்லார் வாயிலும் ஒரே கேள்வி. யார் சொன்னது?

எங்கள் ஊர்ப் போராளிகளின் கமாண்டர் ஷாபூருக்கு விடை தயாராக இருந்தது. ஜன்தாதின் தங்கை ஷீனோவின் கணவன் லவங். கடைத்தெருவுக்குப் போய்வரும் அனுமதிச் சீட்டு ஊரில் அவன் ஒருவனிடம்தான் இருந்தது. முட்டையும் அக்ரூட் கொட்டையும் கொண்டுபோய் விற்று, மண்ணெண்ணெயும் சர்க்கரையும் தேயிலையும் வாங்கி வருவான். முகாமுக்கு அடியிலேயே கடை. ஒவ்வொரு முறையும் சோதனைச் சாவடியில் நின்று சிப்பாயிடம் நாலு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டும். போதாக்குறைக்கு அவன் தம்பியை ரஷ்யர் பக்கத்து அரசாங்கப் படை சிப்பாயாக்கப் பிடித்துக்கொண்டு போயிருந்தது.

லவங்கைக் கட்டி மசூதிக்குப் பின்னாலிருந்த வைக்கோல் அறையில் போட்டார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஊர்ப் பஞ்சாயத்தான ஜிர்கா கூடும், தீர்ப்பு அன்றைக்கே நிறைவேறும் என்றார் ஷாபூர். என்ன தீர்ப்பு என்று யாரும் கேட்கவில்லை.

ஜன்தாத் அவரைப் போய்ப் பார்த்தான்.

"கமாண்டர், அவன் கொண்டுவந்த சர்க்கரையத்தான் நீங்களும் டீயில போட்டுக் குடிச்சீங்க."

"குடிச்சேன். அதுல விஷம் இருந்துச்சுன்னு இப்பத்தான தெரியுது."

"நோன்பு மாசத்துல அவன் மத்த மாசத்தவிட அதிகமாப் போனான். பேரீச்சம்பழம் வேணும், சர்க்கரை வேணும்னு நாமதான் வாரத்துக்கு ரெண்டு தடவை விரட்டுனோம். அந்த மாசம் ரெண்டு கூட்டம் வந்துச்சு. அப்ப மட்டும் ஏன் சொல்லல?"

"நோன்பு வச்ச வாயால எவன்டா காட்டிக்குடுப்பான்? துரோகிக்கும் அல்லா பயம் இருக்கும்."

"துரோகிக்கு ஒரு மாசம் மட்டும் பயம் வருமா?"

"மெக்கானிக்கு, அது உன் தங்கச்சி புருஷன். அதனால உன் மூளை அந்தப் பக்கமே ஓடுது. வேற ஆளு சொன்னான்னு காட்டு, அவுத்து விடுறேன்."

கிளம்பவே கிளம்பாத டிராக்டர் சுலபம் என்று ஜன்தாத் சொல்வான். எங்கோ ஏதோ உடைந்திருக்கும், தேடினால் கிடைத்துவிடும். சில நாள் கிளம்பி சில நாள் கிளம்பாத டிராக்டர்தான் ஆளைக் கொல்லும். அங்கே உடைந்ததைத் தேடிப் பயனில்லை. கிளம்பிய நாளுக்கும் கிளம்பாத நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். குளிரா, ஈரமா, எந்தச் சரிவில் நிறுத்தினோம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், கழியாமல் நிற்பதுதான் காரணம்.

அப்படியே கழித்துப் பார்த்தான். பெரிய கழுதைகளின் கத்தலா? நோன்பிலும் அவை வந்து கத்தின. குளம்புத் தடமா? பாதை அதேதான். நிலவா? நோன்பில் வந்த கூட்டங்களில் ஒன்று முழுநிலவில் வந்தது. ஆட்கள் பகலில் வெளியே திரிந்தார்களா? நோன்பிலும் திரிந்தார்கள், பசியில் சண்டைகூடப் போட்டார்கள். எல்லாம் கழிந்துபோயிற்று, காரணம் மட்டும் நிற்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஷீனோவைப் பார்க்கப் போனான். அவள் பிசைந்த மாவைத் துணி போட்டு மூடித் தலையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"பக்கத்துல பக்தவாரா வீட்டுக்கு. இன்னைக்கு அவ தந்தூர் அடுப்புதான் எரியுது."

"இந்த நெலமையிலயும் ரொட்டியா?"

"வைக்கோல் ரூமுல கெடக்கிறவருக்கு யாரு லாலா ரொட்டி குடுக்கிறது? உன் கமாண்டரா?"

அண்ணனை லாலா என்றுதான் கூப்பிடுவாள் ஷீனோ. அவள் பேசிக்கொண்டே போனாள். அழாமல் இருப்பதற்காகப் பேசுகிறாள் என்று தெரிந்தது.

"என் தந்தூர மூட்டலாம்னா விறகு இல்ல. நோன்பு மாசம் முழுக்கத் தெனமும் மூட்டி மூட்டிக் குவியலு தரையோட தரையாப் போச்சு. மிச்சம் கெடந்ததையும் பெருநாளுக்கு அப்புறம் வந்த விருந்தாளிங்களுக்கு எரிச்சாச்சு. இனி மலைக்குப் போய் வெட்டிட்டு வர ஆம்பளை வேணும். அவரத்தான் கட்டிப் போட்டிருக்கீங்களே."

"இரு. நோன்பு மாசம் தெனமும் ஏன் மூட்டுன? பக்தவாரா வீட்டுக்குப் போக வேண்டியதுதான?"

ஷீனோ அவனைக் கிறுக்கனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நோன்பு தொறக்கிற நேரம் எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதான லாலா? சூடா ரொட்டி வேணும்னு எல்லாரும் ஒரே நேரத்துல உக்காருவீங்க. ஒரு தந்தூர்ல அஞ்சு வீட்டுக்காரி வரிசையில நின்னு சுட முடியுமா?"

"விருந்தாளி வந்தா?"

"விருந்தாளிக்குப் போய் அடுத்த வீட்டு அடுப்புல சுடுவாங்களா? வெளிய சொல்லிடாத, சிரிப்பாங்க."

ஜன்தாத் அங்கேயே, மண்ணில், உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் ஊரில் தந்தூர் எரிவது இப்படி. தரையில் புதைத்த மண்பானை அடுப்பு அது. ஒரு முறை சூடேற ஒரு சுமை விறகு தின்னும். ஆனால் சூடேறிவிட்டால் ஐந்து வீட்டு ரொட்டியையும் அதன் சுவரில் ஒட்டிச் சுட்டு எடுக்கலாம். அதனால் சாதாரண நாளில் பதினான்கு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு அல்லது மூன்று தந்தூர்தான் எரியும், முறை வைத்து. சரக்குக் கூட்டம் வந்தால் வீட்டுக்கு மூன்று நாலு பேர் என்று விருந்தாளிகளைப் பிரித்துக்கொள்வோம். காலையில் சுட்ட ரொட்டியை விருந்தாளி முன்னால் வைக்கும் வீடு எங்களிடம் இல்லை. சொந்த அடுப்பில், அப்போதே சுட வேண்டும். ஆக, கூட்டம் வந்த மாலையில் பதினான்கு தந்தூரும் ஒரே நேரத்தில் புகையும். நோன்பு மாதத்தில் தினமும் பதினான்கும் புகையும், அது நோன்பு திறக்கும் புகை என்று முகாமுக்கும் தெரியும்.

அன்று மாலையே ஜன்தாத் மலைமேட்டின் அந்தப்பக்கம், முகாம் கண்ணுக்குத் தெரியும் இடம்வரை இறங்கிப் போனான். ஒரு பாறையோடு ஒட்டி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தான். கோட்கையில் ஒரு வீடும் தெரியவில்லை. மேட்டின் விளிம்புக்கு மேலே வெறும் வானம். வெயில் இறங்கியதும் மலையிலிருந்து குளிர்காற்று வழிந்து பள்ளத்தில் தேங்கும், அதற்கு மேலே பகலின் சூடான காற்று நிற்கும். அடுப்புப் புகை எழும்பி அந்த இடம் வரைதான் போகும். அதற்குமேல் போக முடியாமல், கூரையில் முட்டியதுபோல் பக்கவாட்டில் பரவும். அன்று மூன்று தந்தூர் எரிந்தது. மேட்டுக்கு மேலே மெல்லிய நூல் ஒன்று தெரிந்தது, தெரிந்த வேகத்தில் கரைந்தது. பதினான்கு எரிந்தால் அது நூலாக இருக்காது, விரித்துப் போட்ட போர்வையாக இருக்கும். முகாமில் இருப்பவனுக்கு ஊரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வானத்தைப் பார்த்தால் போதும்.

வெள்ளிக்கிழமை ஜிர்காவில் இதைச் சொன்னான். முதலில் யாரோ சிரித்தார்கள்.

"ரொட்டி காட்டிக்குடுத்துச்சாம்ல!"

"அப்ப ரொட்டியச் சுட்டுடலாமா கமாண்டர்?"

ஷாபூர் சிரிக்கவில்லை. "கதை நல்லாத்தான் இருக்கு. நிஜம்னு எப்படித் தெரியும்?"

"கூட்டம் எதுவும் வராத ஒரு நாள்ல பதினாலையும் மூட்டுவோம். லவங் கட்டுலயே கெடக்கட்டும், யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச வேணாம். மறுநாள் காலையில ஹெலிகாப்டர் வந்தா, சொன்னது புகை. வரலன்னா உங்க இஷ்டம்."

"வந்தா ஊரு?"

"சனங்க எல்லாரும் முந்தின சாயங்காலமே காட்டுக்கு ஏறிடணும்."

"உன் மச்சானக் காப்பாத்த என் ஊர எரிக்கச் சொல்ற."

"அடுத்த கூட்டம் கணவாய்க்கு அந்தப்பக்கம் காத்துக்கிட்டு நிக்குது கமாண்டர். லவங்கச் சுட்டுட்டு, நிம்மதியா அதக் கூப்பிடுவீங்க. நாம எல்லாரும் சந்தோஷமா ரொட்டி சுடுவோம். அப்புறம்?"

அந்த 'அப்புறம்'தான் ஷாபூரை அசைத்தது. தாடியைக் கோதிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"சரி. ஆனா ஊர் காலியாத்தான் இருக்கணும்னா அடுப்பு மூட்டுறது யாரு? நீ மூட்ட வேணாம். நீ கெட்டிக்காரன், வேற எதையாவது ஜோடிப்ப. லவங் மூட்டட்டும். அவன் உசுருக்குத்தான இந்தப் பாடு. நாம மேல இருந்து பாப்போம். அவன் ஊர விட்டு மேட்டுப் பக்கம் ஒரு அடி வச்சாலும் என் பையன் சுடுவான்."

லவங்கை அவிழ்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னபோது அவன் மணிக்கட்டுகளைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"பதினாலு அடுப்பா? என் பொண்டாட்டிகூட எனக்கு இவ்வளவு வேலை வச்சதில்ல மச்சான்."

"காஞ்ச விறகு பத்திக்கிட்டா புகை நின்னுடும். முதல்ல எல்லாத்தையும் பத்த வை. அப்புறம் ஒரு சுத்து வந்து ஈரமான பைன் இலைய மேல போடு. வெயில் மறையறதுக்குள்ள ரெண்டு சுத்து. அவ்வளவுதான், மேல ஏறி வந்துடு. அவங்க விடிஞ்சுதான் வருவாங்க."

"வருவாங்கல்ல?"

"வருவாங்க."

"வரணும்னு வேண்டிக்கிறேன் பாரு. இப்படி ஒரு வேண்டுதல் எவனுக்கும் வரக்கூடாது."

ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டுக்கு ஏறினோம். ஷீனோ ஒரு பைன் மரத்தடியில் முகத்தை மூடிக்கொண்டு ஊர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். கீழே லவங் வீடுவீடாகப் போய்வருவது தெரிந்தது. ஒவ்வொரு முற்றத்திலிருந்தும் புகை எழுந்தது. முதல் சுற்று முடிவதற்குள் புகைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஜன்தாத் சொன்ன உயரத்தில் நின்று, தட்டையாகப் பரவின. இத்தனை வருஷம் அதற்குக் கீழே உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறோம். மேலேயிருந்து பார்த்தது அன்றுதான்.

லவங் இரண்டாவது சுற்றில் இருந்தான். வெயில் இன்னும் மேட்டின் உச்சியில் இருந்தது. அப்போது முகாம் பக்கம் கதவை அறைந்தது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அடுத்து, கிழிகிற சத்தம் ஒன்று எங்களுக்கு முன்னால் வானத்தைக் கடந்து போய் ஊருக்கு அப்பால் ஓடையில் வெடித்தது.

ஹெலிகாப்டர் இல்லை. பீரங்கி.

யோசித்தால் இதில் புரியாதது எதுவும் இல்லை. தோளில் வைத்து விடும் ராக்கெட் ஒரு ஹெலிகாப்டரை வீழ்த்தியதும், மறுபடி ஒன்றை அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. குன்றுமேல் பீரங்கியை ஏற்றிவிட்டார்கள். பீரங்கி விடியலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்கா ஒன்றைக் கொடுத்தது, ரஷ்யா அதற்கு மாற்றாக ஒன்றைக் கொண்டுவந்தது. நடுவில் நாங்கள் பழைய கணக்கையே வைத்துக்கொண்டிருந்தோம்.

முதல் குண்டு வெடித்ததும் லவங் ஒரு கூரைமேல் ஏறினான். எங்கள் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினான். பார்த்தீர்களா என்று கேட்பதுபோல.

"ஓடுடா! எறங்கி ஓடுடா!" என்று ஷாபூர்தான் முதலில் கத்தினார். அந்தத் தூரத்துக்குக் குரல் போய்ச் சேராது.

பீரங்கிக்காரர்கள் முதலில் குறியைத் தாண்டிப் போடுவார்கள், அடுத்து குறிக்கு முன்னால் போடுவார்கள், பிறகு நடுவில். இரண்டாவது குண்டு மேட்டின் இந்தச் சரிவில் விழுந்தது. லவங் கூரையிலிருந்து குதித்து ஓடைப்பக்கம் ஓடினான். மூன்றாவது குண்டிலிருந்து எதுவும் தெரியவில்லை, புழுதிதான் தெரிந்தது.

மறுநாள் அவனைத் தேடி எடுத்தோம். கையில் பைன் இலையின் பிசின் இருந்தது. ஐந்து வீடுகள் போயிருந்தன, ஷீனோவின் வீடும் அதில் ஒன்று. அவள் முற்றத்தில் தந்தூர் மட்டும் தரைக்குள் இருந்ததால் உடையாமல் கிடந்தது.

அவன் தியாகி, குளிப்பாட்டாமல் உடுத்திய உடுப்போடு புதைக்க வேண்டும் என்று ஷாபூரே சொன்னார். கல்லறையில் நட உயரமான கழியில் பச்சைக்கொடி கட்டித் தானே தூக்கிக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்கும் வழக்கப்படி ஒரு செம்மறி ஆட்டையும் ஓட்டி வந்து, ஷீனோ தங்கியிருந்த பக்தவாரா வீட்டு வாசலில் தலைகுனிந்து நின்றார். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆண்கள் கூட்டத்தைப் பார்த்து அவள் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"கமாண்டர், ஆட்ட ஓட்டிட்டுப் போங்க. கொடியும் வேணாம். விறகு கொண்டுவாங்க."

"என்ன தாயி?"

"லாலா சொல்லுவான்."

ஜன்தாத் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி சொன்னான். அண்ணனும் தங்கையும் இரவெல்லாம் பேசியிருந்தார்கள் போல.

"விருந்தாளிக்குப் பழைய ரொட்டி போடச் சொன்னா ஊர் கேக்காது. ராத்திரி சுட்டா நெருப்பு வெளிச்சம் வானத்துல தெரியும். கூட்டம் வர்ற நாள மறைக்க நமக்கு வழியில்ல கமாண்டர். ஆனா மத்த நாளெல்லாம் அந்த நாள் மாதிரியே ஆக்கிடலாம். நோன்பு மாசத்துல அதான் நடந்துச்சு. தெனமும் புகை இருந்துச்சு, அதனால புகைக்கு அர்த்தம் இல்லாமப் போச்சு."

"தெனமுமா? அவ்வளவு விறகுக்கு எங்க போறது?"

"துப்பாக்கி தூக்குறவன் ஒவ்வொருத்தனும் வாரத்துக்கு ஒரு சுமை வெட்டிட்டு வரணும்" என்றது கதவுக்குள்ளிருந்த குரல். "நீங்களுந்தான்."

ஷாபூர் கொடிக்கழியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கோடரி கேட்டார்.

முதல் சில மாலைகளில் பெண்கள் அடுப்பைப் பற்றவைத்து, மேலே ஈர இலையைப் போட்டுவிட்டு, உடனே காட்டுக்கு ஏறினார்கள். குண்டுகள் விழுந்தன. மேலும் இரண்டு வீடுகள் போயின. பிறகு ஒரு மாலை இரண்டே குண்டு விழுந்தது, அடுத்த மாலை ஒன்றுகூட இல்லை. எந்த முகாமிலும் குண்டு எண்ணிக்கையில்தான் இருக்கும், தினம் வருகிற புகைக்கெல்லாம் செலவழிக்க முடியாது. அறுவடை தொடங்கும்போது ஆறாவது கூட்டம் வந்தது. பெரிய கழுதைகள் காட்டுக்குள் நின்றன, விருந்தாளிகள் சூடாகச் சாப்பிட்டார்கள், விடிவதற்கு முன் கிளம்பினார்கள். யாரும் வரவில்லை.

கோட்கையில் இப்போது வழக்கம் இதுதான். வெயில் சாயும்போது பதினான்கு தந்தூரும் ஒரே நேரத்தில் மூட்டப்படும். வீடு போனவர்கள் வெறும் முற்றத்தில் மூட்டுவார்கள். மாவு இல்லாத நாளில், உள்ளே ரொட்டி இல்லாமல், ஈர இலையை மட்டும் போட்டு எரிப்பார்கள். விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும், தினமும்.